ஒழுகுகிறதா?

கட்டம் போட்ட நோட்டில் எழுதியது நான்தான்:
அக்டோபர், பிரிப்பது. டிசம்பர், துரு எடுப்பது.
பிப்ரவரி, பெயின்ட். மே, சாலை.
மொத்தச் செலவு நாலாயிரம் யூரோ.
வெய்யோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
"எந்த வருஷத்து மே என்று போடவில்லையே" என்றான்.

அறுபத்தைந்தாம் வருஷத்து வோல்வோ அமேசான்.
சிவப்பு, அல்லது சிவப்பாக இருந்த ஏதோ ஒன்று.
கயானியில் ஏரியோரம் உறைய ஆரம்பித்த வாரம்
டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

கழற்றிய போல்ட்டுகளை
பெரிப்பழம் உறையவைக்கும் பைகளில் போட்டு
பைக்கு ஒரு பெயர் எழுதினேன்:
இடது கதவு. முன் பம்பர். வைப்பர்.
ஒரு பையில் போன வருஷத்துச் சாறு மிச்சமிருந்து
மை கரைந்து
ஏழு போல்ட்டுகள் ஊர்பேர் இல்லாமல் போயின.

பின் அச்சில் ஒரே ஒரு நட்டு மசியவில்லை.
எண்ணெய் விட்டோம். சூடு காட்டினோம்.
நான் கெஞ்சினேன், அவன் திட்டினான்.
மூன்றாம் நாள் இரவு
சட்டென்று திரும்பியது. ஆகா என்றோம்.
கழுத்து முறிந்து ஸ்பானரோடு வந்திருந்தது.
டிசம்பரை அடித்துவிட்டு ஜனவரி என்று எழுதினேன்.
ஜனவரியை அடிக்கப் போனபோது
பேனா உறைந்துபோயிருந்தது. பென்சிலுக்கு மாறினேன்.

பிறகு உப்புத்தாள்.
முன் கதவில் சிவப்பைத் தேய்த்தால் சாம்பல், சாம்பலைத் தேய்த்தால்
கருநீலம்.
"நீலம்தான் அசல்" என்று குறித்துக்கொண்டேன்.
வெய்யோ பின்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தவன்
"வெள்ளை" என்றான்.
நீலம் என்றேன்.
வெள்ளை என்றான்.
இருவரும் இருந்த இடத்தைவிட்டு எழுந்துபோய்
மற்றவர் பக்கத்தைப் பார்த்தோம்.

கம்பளத்தை உரித்து, தாரைச் சுரண்டி,
விரல் தடிமனுக்கு அப்பியிருந்த பட்டியைக் கொத்த
முன்சீட்டுக்குக் கீழே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை
ஓடியது வெல்டிங்,
அவசரத்தில் போட்ட தையல்போல் கோணலாக.

வெய்யோ வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.
ஒரு வண்டிக்குப் பணம் கொடுத்து
இரண்டு வாங்கியிருக்கிறோம்.

விற்ற பெண்மணிக்குப் போன் செய்தேன்.
ஹில்யா ஹர்கொனன், சொட்காமோ. கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.
அவள் நிதானமாகச் சொன்னாள்:
ஒன்று மூஸ்மானில் மோதி முகம் போனது.
இன்னொன்றை மரலாரி பின்னாலிருந்து நசுக்கியது.
எழுபத்தொன்பது கோடையில் அப்பா
நல்ல பாதிகளைச் சேர்த்தார்.
இருபது வருஷம் அதில்தான் மீன்பிடிக்கப் போனார்.
பிறகு கொஞ்சம் தயங்கி,
"இப்போதும் ஒழுகுகிறதா?"

ஒழுக அதற்குத் தரையே இல்லை அப்போது.
தையலைப் பிரித்தோம்.
புதுத் தகடு, இரட்டை விட்டம், அளவு பார்த்து, மறுபடி பார்த்து,
இந்த முறை நேராக.
சோதனை நிலையத்துக்காரர் படுத்துப் பார்த்தார்,
சுத்தியலால் தட்டினார்,
எதுவும் பேசாமல் முத்திரை குத்தினார்.
நாலாயிரம் பதினோராயிரம் ஆகியிருந்தது.
நோட்டை அதற்கப்புறம் நான் திறக்கவில்லை.

நிறத்துக்குத்தான் ஒரு மாதம்.
நீலம் பூசினால் பின்பாதிக்குப் பொய்,
வெள்ளை பூசினால் முன்பாதிக்கு.
இரண்டும் ஒரே வண்டியாக ஓடிய நாளெல்லாம்
அதன் மேலிருந்தது சிவப்பு,
மறைப்பதற்காக ஹர்கொனன் அடித்த மலிவுச் சிவப்பு.
அதையே அடித்தோம்.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், மே தவறி ஜூனில்,
ஏரியைச் சுற்றி முதல் ஓட்டம்.
எங்கோ கடகடவென்று சத்தம்.
மூன்று தடவை நிறுத்தி அடியில் படுத்துத் தேடினான் வெய்யோ.
டாஷ்போர்டு அறைக்குள்
பெயரில்லாத அந்த ஏழு போல்ட்டுகள்.

திரும்பும் வழியில் மழை.
புது ரப்பர், புது கண்ணாடி, புது எல்லாமும் தாண்டி
ஒரு சொட்டு
என் இடது முழங்காலில் விழுந்தது.
ஓரங்கட்டி ஹில்யாவுக்குப் போன் போட்டேன்.
ஒழுகுகிறது என்றேன்.

"ஓட்டுகிறவர் பக்கமா? இடது முழங்காலா?"

ஆமாம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"அப்படியானால் அது எங்கள் வண்டிதான்" என்றாள்.